சித்தனுக்கு ஒரு லத்தீன் கல்வெட்டு

ரோமில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன சமையற்காரர்கள், அடிமைகள், குழந்தைகள் ஆகியோரின் கல்லறைகளில் வெட்டப்பட்ட லத்தீன் கவிதைகளைப் படிப்பதுதான் சசிகலாவின் தொழில். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே பாடம் நடத்துகிறார். பிறந்தது ஏற்காடு மலையில், வாழவந்திப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீட்டில். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இத்தாலி போனவர், ஓய்வு நேரத்தில் கல்லூரிக்குப் போய், பதினொரு ஆண்டில் முனைவரானார்.

கொரோனாவில் விமானம் ஓடாத மாதத்தில் அப்பா சித்தன் இறந்தார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் அடக்கத்தைச் செல்பேசியில் காட்டினார். மூடுபனியில் அப்பாவின் முகம்கூடத் தெரியவில்லை.

இரண்டு ஆண்டு கழித்துத்தான் வர முடிந்தது. அப்பாவுக்கு ஒரு கல் நட வேண்டும். அம்மா வீராயியுடன் இடுகாட்டுக்குப் போனார். உண்ணிச்செடி ஆளுயரம் மண்டிக் கிடந்தது.

"இங்கதான்னாங்க சாமி. இல்ல, அந்த மரத்துக்கு அந்தாண்டயோ? அன்னிக்குக் கொரோனான்னு என்னைய உள்ள உடலியே. குழி வெட்டுனவங்களும் ஆளுக்கொரு ஊராப் போயிட்டாங்க" என்றார் வீராயி.

சசிகலா மதியம்வரை செடியை வெட்டினார். மழையில் கரைந்த மேடுகள் எல்லாம் ஒன்றுபோல இருந்தன. யாரோ ஓர் அடிமையின் கல்லில் அழிந்த நான்கு எழுத்துகளுக்காக ஒரு மாதம் உட்கார்ந்தவர் அவர். இங்கே படிக்க ஒன்றுமில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

"கல்லுல என்ன எழுதோணும்னு நெனச்சே கண்ணு?"

விமானத்தில் எழுதிய இரண்டு லத்தீன் வரிகளை வாசித்துவிட்டு, பொருள் சொன்னார். "இந்த வழியாப் போறவங்களே, கொஞ்சம் நில்லுங்க. இங்க தூங்கற சித்தனோட மக வந்துட்டா, ஆனா நேரமாயிருச்சு."

வீராயி யோசித்தார். "நொம்ப நல்லாத்தான் இருக்குது. ஆனா வேலைக்குப் போறவங்கள நிறுத்தக்கூடாதும்பாரு உங்கப்பன். மொத வரி வேண்டாம் சாமி."

குழி எதுவென்று தெரியாததால் இடுகாட்டு வாசலிலேயே கல்லை நட்டார்கள். அதில் சித்தன் என்ற பெயரும் இரண்டாம் வரியும் மட்டும் தமிழில்.

ரோமுக்குத் திரும்பியதும் சசிகலா அம்மாவுக்குப் பக்கத்தில் வந்துவிட நினைத்து, சேலம், சென்னை, பெங்களூரு என்று கல்லூரிகளுக்கு எழுதி வேலை கேட்டார். லத்தீனுக்கு இங்கே இடமில்லை என்றுதான் பதில் வந்தது. இப்போதும் விண்ணப்பம் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.