ஒரு றாத்தல் பாண்

புளித்த மாவும் சீனியும் சேர்ந்து சூட்டில் சிவக்கிற ஒரு வாசனை, கொடைக்கானலில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் மூக்கில் ஏறிக்கொண்டு, அந்தச் சனிக்கிழமை முழுக்க இறங்கவே இல்லை. எனக்கு ஒன்பது வயது. டவுனில் தனியாக நடப்பது அதுதான் முதல் தடவை. மூடுபனிக்குள் ஜீப்புகள் ஹாரன் அடித்துக்கொண்டு போக, புது ஸ்வெட்டர் போட்டவர்கள் சோளக்கதிரைக் கடித்துக்கொண்டு நிற்க, எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அம்மா செண்பகனூரில் ஒரு வாடகை அறையில் படுத்துக் கிடந்தாள். எங்கள் ஊர் கூக்காலில் போட்ட பூண்டு மழையில் அழுகியதும், அப்பா டவுன் காய்கறி மண்டியில் மூட்டை தூக்கப் போனதும், அம்மாவுக்கு டைபாய்டு வந்ததும் ஒரே மாதத்தில் நடந்தன. காய்ச்சல் விட்ட பிறகும் அவள் கஞ்சியைத் தொடவில்லை. திங்கட்கிழமைக்குள் சாப்பாடு உள்ளே இறங்காவிட்டால் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மதுரை என்றால் அப்பாவும் கூடப் போவார். நான் சித்தப்பா வீட்டு மாடுகளோடு கிடக்க வேண்டும். "ஒங்கம்மா வாய் தொறந்து நாலு வாய் தின்னுட்டான்னா, நாளைக்கு மூணு பேரும் ஓட்டல்ல ஒக்காந்து சாப்புடுவோம்" என்று சொல்லிவிட்டு, அப்பா வெள்ளனே சோலிக்குப் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் அம்மா கண்ணைத் திறந்து, "பாண் கெடைச்சாத் தின்பேன், ஒரு றாத்தல் வாங்கிட்டு வா" என்றாள். அவள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பதினாலு வயதில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவள். றாத்தல் என்பது அந்த ஊர் எடைக் கணக்கு. எங்கள் வீட்டில் "பாண்" என்பது தின்கிற பண்டம் அல்ல, ஒரு கதை. தோட்டத்துக் கடையில் விடியும்போது செங்கல் மாதிரி அடுக்கியிருக்குமாம். பிய்த்தால் ஆவி வருமாம். தேங்காய்ச் சம்பலோடு தின்றுவிட்டு மலையேறினால் குளிரே தெரியாதாம். நான் அதைக் கண்ணால் கண்டதில்லை. கூக்கால் டீக்கடைக்கு வர்க்கியைத் தாண்டி எதுவும் வந்ததில்லை.

பள்ளிக்கூடம் எனக்கு ஒட்டவில்லை. எழுதிக் கொடுத்தால் படிக்கத் தெரியாது என்பதால், அப்பா சொன்ன சோலிகளோடு அம்மா சொன்னதையும் சேர்த்துப் பாட்டாகக் கட்டிக்கொண்டேன்: "பேட்டரிக் கட்டை, குடைக் கம்பி, செருப்பு வார், பாண்." குடைக்காரரிடம் கம்பி மாட்டி, செருப்புக்கு வார் தைத்து, டார்ச்சுக்குக் கட்டை வாங்கி, கடைசியாக வாசனை இழுத்த பக்கமே ஓடிப்போய் ஒரு பேக்கரியில் நின்றேன்.

"ஒரு றாத்தல் பாண் குடுங்க."

"பானா?" என்றார், ஏதோ ஒரு அடுக்கின் மேல் முழங்கையை ஊன்றியிருந்த கடைக்காரர். "பானெல்லாம் எதுத்தாப்ல பீடாக் கடைல விக்கிது பாப்பா. இங்க பிரெட், பன், கேக்குதான்."

எதிர்த்த கடைக்காரர் நான் கேட்டதும் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஏலே, கேட்டியா? புள்ளைக்கு றாத்தல் கணக்குல பீடா வேணுமாம். ஒங்க வீட்ல மொத்தப் பேரும் ஒரு வாரத்துக்குச் செவப்பாத்தான் துப்புவீங்க, ஒண்ணு கொண்டு போ தாயி!" வெள்ளித்தாள் சுற்றி, உச்சியில் ஒரு சிவப்புச் செர்ரியைக் குத்திக் கொடுத்தார். அம்மா சொன்ன செங்கல் எங்கே, இது எங்கே என்று ஒரு சந்தேகம் வரத்தான் செய்தது. டவுனில் எல்லாமே சின்னதாகவும் பளபளப்பாகவும்தான் இருக்கும் போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அது நசுங்காமல் இரண்டு கையிலும் ஏந்தியபடி செண்பகனூர் போய்ச் சேர்ந்தேன்.

அம்மா வெள்ளித்தாளைப் பிரித்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி அதைப் பார்த்தாள்.

"என்ன புள்ள இது?"

"பாண்."

முதலில் அவள் தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பயந்துவிட்டேன். பிறகு சத்தம் வந்தது. "காய்ச்சக்காரிக்கு வெத்தல மடிச்சுக் கொண்டாந்துருக்கியே, எனக்கென்ன இன்னைக்குக் கல்யாணமா?" என்று சிரித்துச் சிரித்து இருமி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். மூன்று வாரமாக அவள் தானாக உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. "அந்தச் சேலைய எடு. நானே வாறேன்."

என்னோடு டவுன் பஸ்ஸேறி வந்து, பேக்கரி வாசலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவள், விரலை நீட்டிக் காட்டினாள். "அந்தா இருக்குது பாண்." முன்னே மாதிரியே இப்போதும் கடைக்காரர் முழங்கையை ஊன்றியிருந்தாரே, அந்த அடுக்குதான்! செங்கல் செங்கலாக!

"அட, பிரெட்டாம்மா! அப்பிடிச் சொல்ல வேண்டியதுதான?"

"நீங்க கைய எடுத்துருந்தா எம்புள்ளைக்கே தெரிஞ்சிருக்கும்" என்றாள் அம்மா. கடைக்காரர் சிரித்துக்கொண்டே வெட்டாத முழு பிரெட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவள் கடைப் படியில் உட்கார்ந்து பிய்த்தாள். ஆவி வந்தது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். நாலு வாய் தாண்டி, ஏழாவது வாயில் எண்ணுவதை விட்டுவிட்டு எனக்கும் ஒரு துண்டு கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் ஓட்டலில் உட்கார்ந்தோம். அம்மா மடியிலிருந்து மிச்சப் பாணை எடுத்து இலையில் வைத்ததும், "வெளிச் சாப்பாடு கொண்டாரக் கூடாதுங்க" என்றார் பரிமாறுகிறவர். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "பாண் என்னுது, கொழம்பு ஒங்களுது. ஊத்துங்க, ரெண்டும் சண்ட போடாது" என்றாள் அம்மா. அவர் சிரித்துவிட்டு வாளியைச் சாய்த்தார். நான் மூன்று பரோட்டா தின்றேன். அப்பா அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவருடைய பரோட்டா ஆறி விறைத்துவிட்டது. மதுரைக்கு யாரும் போகவில்லை.

அதன் பிறகு நான் திருப்பூர் பனியன் கம்பெனி, கேரளத்து ஏலக்காட்டு வேலை என்று சுற்றினேன். எங்கேயும் இரண்டு வருடம் தரித்ததில்லை. அப்பா இப்போது இல்லை. போன சனிக்கிழமை கொடைக்கானலில் வந்து இறங்கினால், அந்த பேக்கரி இருந்த இடத்தில் செல்போன் கடை. கூக்காலுக்கே திரும்பிவிட்ட அம்மா போனில் கூப்பிட்டு, "வரும்போது வெரசா வா, ஒரு பிரெட்டு வாங்கியா" என்றாள். பாண் என்ற சொல் அவள் வாயை விட்டு என்றைக்குப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. அது போன நாளில் நான் வேறு எந்த ஊரிலோ இருந்திருக்கிறேன்.

வேறொரு பேக்கரிக்குள் நுழைந்து, வேண்டுமென்றே, "ஒரு றாத்தல் பாண் குடும்மா" என்றேன்.

"பானா? எதுத்த கடைல கேளுங்க ஆன்ட்டி" என்று அந்தப் பெண் கையை நீட்டினாள்.

நேராக எதிர்த்த கடைக்குப் போய்ச் செர்ரி குத்திய பீடா ஒன்றை வாங்கினேன். திரும்பி வந்து பிரெட்டையும் வாங்கினேன். இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு, கூக்கால் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.