எங்கள் வீட்டில் சாப்பிட்ட கோல் கீப்பர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டுவந்தேன். பேனாவை எடுப்பேன், அடுப்பில் பால் பொங்கும், வைத்துவிட்டு ஓடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத வருமா என்று ஒரு பயம். அப்பா இருக்கும்வரை இதை வெளியே சொல்லக்கூடாது என்று அவரே வாயைக் கட்டியிருந்தது இன்னொரு காரணம். போன வருஷம் அப்பா முருகனடி சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஒருவர் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "கோல் கீப்பரப் பட்டினி போட்டு டிவிசனையே தோக்கடிச்ச வீட்டுல இன்னைக்கு வடை பாயாசமா" என்று கேட்டுச் சிரித்தார். பக்கத்து இலைக்காரர்களும் சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த நான் பாயச வாளியைக் கீழே வைத்தேன். முருகன்மேல் பாரத்தைப் போட்டு எழுதிவிடுவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் போடிமெட்டிலிருந்து கேரளத்துக்குள் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. தோட்டத்தைப் பல டிவிசனாகப் பிரித்திருப்பார்கள். நாங்கள் கீழ் டிவிசன். தென்மேற்கு மழை ஓய்ந்ததும் டிவிசன்களுக்குள் புட்பால் போட்டி நடக்கும். எங்கள் டிவிசன் கப்பு வாங்கியதை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அந்த வருஷம் ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. ஐப்பசிக் கடைசியில் ஒரே ஓர் ஆட்டம் பாக்கி இருந்தது. அதிலும் தோற்றால் கீழ் டிவிசனுக்குத் தனி டீம் கிடையாது, மேல் டிவிசனோடு சேர்த்துவிடுவோம் என்று தோட்டத்து ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

அப்பா தேயிலை பாக்டரியில், இலை சுருட்டுகிற ரோலரில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் எனக்குச் சொந்தம். குளித்து விபூதி பூசிக்கொண்டு, என்னைக் கையில் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போவார். திரும்பும்போது டீக்கடை பெஞ்சில் மடியில் உட்காரவைத்து வடை வாங்கிக் கொடுப்பார். ஆனால் போட்டி தொடங்கிவிட்டால் வடையோடு என்னை மறந்துவிடுவார். வாய் நிறைய ஆட்டக்காரர்கள்தான்.

முன்னால் நின்று கோல் அடிக்கவேண்டியவனைப் பற்றி, "நம்ம பார்வேடு இருக்கானே, நல்லா ஓடுவான். பந்து இல்லாத பக்கமா ஓடுவான்" என்பார். பின்னால் நிற்கிற ஆட்டக்காரன் கங்காணியின் மருமகன். "அவன் மணமேடையில நிக்க மாதிரி நிக்கான். பூட்சுல சகதி படக் கூடாதாம்." கோல் கீப்பரைப் பற்றி வரும்போது குரல் உயர்ந்துவிடும். "பந்தப் பிடிடான்னா கும்பிடுதான். அவன் கும்பிட்டு முடிக்கதுக்குள்ள பந்து வலைக்குள்ள போய் சாமி ஆடுது."

எல்லாவற்றுக்கும் மேலே டீம் மானேஜர். அவர் தோட்டத்து டிஸ்பென்சரியில் கம்பவுண்டர்.

"தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் ஒரே மாத்திர குடுக்கிற மனுசன். ஆட்டத்துக்கும் அதே மாத்திரதான். பந்த மேல தூக்கி அடிங்கடா. மேல யாரு நிக்கா, மேகம்தான் நிக்கு."

பெஞ்சே குலுங்கும். "ஒம்ம மானேஜராப் போட்டா செயிச்சிருவமா?" என்று யாராவது கேட்டால் அப்பா டம்ளரைக் கையில் எடுப்பார். டீயை ஆற்றிக்கொண்டு, "நம்மள யாரு கேக்கா" என்பார். அவரை யாரும் கேட்கவில்லை என்பது அவருக்கு எவ்வளவு எரிச்சல் என்று டீக்கடைக்கே தெரியும்.

தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்போம். எங்கள் லயங்களில் ஒரு வழக்கம் உண்டு. போட்டி நாட்களில் ஆட்டக்காரர்களுக்கு வீடுகள் சோறு போடவேண்டும். எந்த வீட்டுக்கு எந்த ஆட்டக்காரன் என்று மாரியம்மன் சன்னதியில் திருவுளச் சீட்டு எடுப்பார்கள். டீம் வெளியே போகும்வரை அந்த வீட்டில் அவனுக்குச் சாப்பாடு. அம்மன் கொடுத்த ஆளை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. அப்பா பார்வேடுக்கு ஆசைப்பட்டார். சீட்டில் வந்தது கோல் கீப்பர்.

அவனுக்குப் பத்தொன்பது வயசு இருக்கலாம். தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. அம்மா செத்துப்போய், அவன் அப்பா இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு தேனிப் பக்கம் போய்விட்டார். அவன் மட்டும் மற்ற மருந்தடிப் பையன்களோடு ஒரு லயத்து அறையில் இருந்தான். முதல் நாள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமலே நின்றான். அம்மாதான், "வாய்யா உள்ள. அவுகளப் பெரியப்பான்னு கூப்பிடு" என்றார். அவனும் உடனே கூப்பிட்டுவிட்டான். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டது. "அண்ணன்னு கூப்பிடுட்டி" என்று அம்மா என்னிடம் சொன்னார். நான் அந்தப் போட்டி முடியும்வரை அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

சாப்பிடும்போது அப்பாவுக்கு வலது பக்கம் என் இடம். அவன் வந்ததும் அது போயிற்று. "அவன் நெட்டையன், சுவர் ஓரம் இடிக்கும், நீ அம்மா பக்கம் போ" என்றார் அப்பா. முட்டை வந்தால் அவன் தட்டுக்குப் போகும். போகட்டும். அப்பாவின் பேச்சும் அவன் தட்டுக்கே போயிற்று என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஏலே, நேத்து அந்த ரெண்டாவது கோலுக்கு எங்கலே பாத்துக்கிட்டு நின்ன?"

"பந்தத்தான் பெரியப்பா பாத்தேன்."

"பாத்துக்கிட்டே இரு. பந்து என்ன பொண்ணா, பாத்துட்டு வந்து சொல்லுதேன்னு சொல்ல?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். அவனும் சோற்றில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரிப்பான். சோற்றை நடுவில் குழித்து, ரசத்தை ஊற்றி, அதுதான் கோல் என்று அப்பா காட்டுவார். நான் பள்ளிக்கூடத்துச் சங்கதி ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால், "இருடா தங்கம்" என்பார். நான் இருந்தேன், பல வாரம்.

அப்போது கந்த சஷ்டி வந்தது. எங்கள் வீட்டில் சஷ்டி என்றால் விளையாட்டில்லை. அப்பாவும் அம்மாவும் ஆறு நாளும் பாலும் பழமும்தான். அதோடு வேலைக்கும் போவார்கள். அடுப்படியைக் கழுவி, முட்டைச் சட்டியைக் கொல்லையில் கவிழ்த்துவிடுவார் அம்மா. எனக்கு மட்டும் ஒரு பிடி ரசஞ்சோறு. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அந்த ஆறு நாளும் யாரும் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்கக்கூடாது. விரதம் இருக்கிறவர் காதில் சோற்றுப் பேச்சு விழக்கூடாது என்று அப்பாவின் வீட்டில் அந்தக் காலத்திலிருந்தே அப்படி.

அந்தக் கடைசி ஆட்டம் ஆறாம் நாள், சூரசம்ஹாரத்தன்று வந்து விழுந்தது. ஆட்டக்காரனை வெறும் ரசத்தில் பாயச் சொல்ல முடியாது. அப்பா யோசித்து, டீக்கடைக்காரரிடம் போய், சஷ்டி முடியும்வரை கீப்பருக்கு மூன்று வேளையும் முட்டையோடு போடச் சொல்லிவிட்டு வந்தார். அவனும், "சரி பெரியப்பா" என்றான்.

அவன் டீக்கடைக்குப் போகவே இல்லை. கடைக்காரர் கேட்டதற்கு, பெரியம்மா வீட்டிலேயே ஆக்கிப்போடுகிறார் என்று சொல்லியிருக்கிறான். வீட்டிலோ, கடையில் சாப்பிடுகிறான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். சாதாரண நாளாக இருந்தால், வந்ததும் வராததுமாக "சாப்பிட்டியாய்யா" என்று அம்மா கேட்டிருப்பார், அவன் முகமே காட்டிக் கொடுத்திருக்கும். சஷ்டி என்பதால் அம்மா கேட்கவில்லை. காலையும் சாயங்காலமும் அப்பாவுக்கு ஊற்றுகிற பாலில் அவனுக்கும் ஒரு டம்ளர் ஊற்றினார், அவ்வளவுதான்.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே காட்சிதான். நான் தட்டை வைத்துக்கொண்டு ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து ரசஞ்சோறு தின்றேன். அப்பாவும் அவனும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒரே மாதிரி டம்ளரில், ஒரே மாதிரி ஊதி ஊதிப் பால் குடித்தார்கள். பாதிச் சோற்றோடு நான் எழுந்துவிட்டேன்.

சாயங்காலம் அம்மா முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிக் கவசம் படிப்பார். அப்பா கண்ணை மூடி, "கீழ் டிவிசனக் காப்பாத்தப்பா" என்பார். அவரோடு சேர்ந்து நானும் கண்ணை மூடினேன். முருகா, தோற்கணும், தோற்றால்தான் இவன் போவான் என்றுதான் கேட்டேன். எட்டு வயசில் அது எனக்கு நியாயமாகவே பட்டது. அப்பா அவரவர் வேண்டியதைக் கேட்கச் சொல்லியிருந்தார். நான் எனக்கு வேண்டியதைக் கேட்டேன்.

ஆட்டத்தன்று மத்தியானமே மேகம் மைதானத்தில் இறங்கிவிட்டது. அந்தப் பக்கத்துக் கோல் போஸ்ட் தெரியவில்லை. அப்பா எங்கள் கோலுக்குப் பின்னாலேயே நின்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு நாள் பட்டினியோடு அவர் குரல் எங்கிருந்து வந்ததோ தெரியாது. பார்வேடு, கங்காணி மருமகன், ஒருத்தரையும் விடவில்லை. கம்பவுண்டர் கோட்டுக்கு வெளியே குடையோடு நின்று, "மேல அடி, மேல அடி" என்று கூவிக்கொண்டிருந்தார்.

முதல் கோல் மேகத்துக்குள்ளிருந்து வந்தது. அதற்கு யாரும் கீப்பரைக் குற்றம் சொல்லவில்லை. இரண்டாவது, கைக்கு நேராக வந்த பந்து. எம்பினான், கால் தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. மூன்றாவது பந்து உருண்டு வருவதைப் பார்த்துக்கொண்டே அவன் மெதுவாக மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"எந்திரிலே" என்று அப்பா கத்தினார். "எங்க வீட்டுச் சோறு ஒனக்கு ஒட்டலையா? இத்தன நாளா யாருக்குலே வடிச்சுக் கொட்டுனோம்?"

மைதானம் சிரித்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைசியில் அப்பாவுக்கு அவனைப் பிடிக்காமல் போயிற்று என்று நினைத்தேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. கம்பவுண்டர் குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"இவன் வயித்துல ஒண்ணுமே இல்லவே. பல நாள் பட்டினி. ஒம்ம வீட்டுச் சீட்டுதான இவன்?"

யாரும் சிரிக்கவில்லை. அப்பா கோல் போஸ்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை காலம் அவர் ஏசிய மனிதர், தன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சரியாகச் சொன்னார், அதையும் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அன்றோடு கீழ் டிவிசன் டீம் இல்லாமல் போயிற்று. எங்கள் வீட்டுக்குப் பட்டினி போட்ட வீடு என்று பெயர் வந்தது.

அப்பாவும் இன்னொருவரும் அவனைத் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கூட வந்தவரை அம்மா வாசல்வரை போய் அனுப்பிவைத்தார். பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "கடையில திங்கலையாய்யா?" என்றார்.

"இல்ல பெரியம்மா."

"ஏன்?"

"சும்மாதான். வீட்டுல எல்லாரும் இருக்கீகளேன்னு."

அப்பா எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனார். டீக்கடையில் போய் உண்மையைச் சொல்லத்தான் கிளம்பினார் என்று நினைக்கிறேன். வாசலில் நின்றார், திரும்பி வந்தார். "விரதம் இருந்தத வெளிய சொல்லப்படாது. கேட்டா இவனத்தான் கேலி பண்ணுவானுக. எம்மேலயே சொல்லட்டும்" என்றார். என்னைப் பார்த்தும், "நீயும் மூச்சு விடக் கூடாது" என்றார்.

அதோடு டீக்கடையில் அப்பாவின் வாய் அடைபட்டது. அவர் எந்த ஆட்டக்காரனைப் பற்றி ஆரம்பித்தாலும், "மொதல்ல சோத்தப் போடும்வே" என்று ஒருவர் சொல்வார். கம்பவுண்டரைப் பற்றி அதன்பிறகு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஏழாம் நாள் காலை, கோயிலில் திருக்கல்யாணம் முடிந்து வந்து விரதம் விட்டோம். அம்மா மூன்று இலை போட்டார், விரதம் இருந்த மூன்று பேருக்கும். எனக்குத் தட்டு. சாப்பிட்டதும் அவன் தன் பூட்சு வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டான். டீம் வெளியே போனால் சோறும் முடிந்தது, அதுதான் வழக்கம். "இருந்துட்டுப் போயேன்ய்யா" என்று அம்மா சொன்னார். அவன் வேலைக்கு நேரமாகிறது என்றான்.

லயத்துக் குழாயடியில் நான் நின்றிருந்தேன். இவன் போகிறானா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளத்தான் நின்றேன். அவன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"பாப்பா, பெரியப்பா ஒன்னைய வைவாரா?"

"எங்கப்பா என்னைய ஒருநாளும் வஞ்சதில்ல" என்றேன். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். பிறகு, "என்னைய நெதம் வஞ்சாரு" என்றான். "நேத்து அம்புட்டுக் கூட்டத்துலயும் எங்க வீட்டுச் சோறுன்னு சொல்லி வஞ்சாரு. கேட்டியா?"

சொல்லிவிட்டு, கப்பு வாங்கியவன் மாதிரி கையை வீசிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனான். எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. வீட்டுக்கு ஓடி, அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, என்னையும் ஒரு தடவை திட்டுங்கள் என்று அழுதேன். அப்பாவுக்கு ஒன்றும் விளங்காமல் என்னைத் தூக்கிக்கொண்டார். தோளில் கிடந்தபடி அழுதேன். அவன் அப்படிப் பீற்றிக்கொள்ள அதில் என்ன இருந்தது என்று எனக்குப் புரியவில்லை. அத்தனை வாரமும் நான் அவனைப் பார்த்துப் புகைந்துகொண்டிருந்தேனே, அந்த வீட்டில் புகைந்தது நான் மட்டும்தானா என்று நினைத்துப் பார்க்கவும் எனக்குத் தெரியவில்லை.

நடந்தது இவ்வளவுதான். எங்கள் தோட்டத்துப் பக்கம் யாராவது அந்தக் கீப்பர் கதையை எடுத்தால், படிக்கிற நீங்கள் இதைச் சொல்லுங்கள். அப்பாவை நல்லவராகக் காட்டக் கூட்டவேண்டாம், என்னைக் காப்பாற்றக் குறைக்கவும் வேண்டாம். எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். முருகன் துணை.