நைனா கட்டிய மதில்

ஏழாம் வகுப்பு படித்த வருடம் முழுக்க என் மூக்கில் ஈர சிமெண்ட் வாசனைதான். எண்ணூர் போகும் வழியில் ஓடைமேடு என்ற எங்கள் ஊரைச் சுற்றிக் கிடந்த காலி நிலத்தை யாரோ ஒரு புரமோட்டர் வாங்கி, பிளாட் போட்டு, தன் மகள் பெயரில் ஒரு 'நகர்' ஆக்கி, அதற்கும் எங்களுக்கும் நடுவில் மதிலும் எழுப்பினார். கட்டிக்கொடுத்தது வேறு யாருமில்லை, கொத்தனாரான என் நைனாவும் ஊர்க்காரர்களும்தான். சுடுகாட்டுப் பாதை உள்ளே மாட்டிக்கொள்கிறதே என்று அம்மா கேட்டதற்கு, கேட் வைக்கிறார்கள், பூட்ட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றார் நைனா. வாக்காம், வாக்கு!

அடுத்த வருடமே மஞ்சள் காமாலையில் நைனா போய்ச் சேர்ந்தார். மோளத்தோடு பாடையைத் தூக்கிக்கொண்டு போனால் கேட்டில் பூட்டு. நகர் சங்கச் செயலாளர் உள்ளே நின்றபடி, பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம், மெயின் ரோடு வழியாகச் சுற்றிப் போங்கள் என்றார். பரீட்சை எனக்கும்தான் இருந்தது. வீட்டைவிட்டு எடுத்த பிணத்தைத் திருப்பக்கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டு. ஆனாலும் சித்தப்பா அரைமனதாகத் தலையாட்டிவிட்டார்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்பதும் கட்டுத்தான். அம்மா அதை மீறி விடுவிடுவென்று நடந்துபோய், பாடையைக் கேட்டுக்கு முன்னால் இறக்கச் சொல்லி, பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எட்த்த பொணம் திரும்பாது. இந்தச் செவுரு கட்ன மன்சன் இவரு. சாவி வர்ற வரிக்கும் இங்கியேதான் கீறாரு. நானும் கீறேன்."

மோளக்காரர்கள் கையை நிறுத்தவில்லை. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு செயலாளரே சாவியோடு வந்தார். அம்மா அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். திமிரா என்றால், ஆமாம், திமிர்தான். அதுவும் இல்லாவிட்டால் எங்களிடம் வேறென்ன இருந்தது?

இன்று ஓடைமேடு என்ற பெயர் பஸ் போர்டிலும் இல்லை, ரேஷன் கார்டிலும் இல்லை. ஓடை இருந்த இடத்தில் அபார்ட்மெண்ட். நானே முகவரியில் அந்த புரமோட்டர் மகளின் பெயரைத்தான் எழுதுகிறேன். போன வருடம் அம்மாவை அதே வழியாகத்தான் தூக்கிப் போனோம். கேட் ஆவென்று திறந்து கிடந்தது, தடுக்க ஆளில்லை. இருந்தாலும் மோளக்காரர்களை அங்கேயே நிறுத்தி, கொஞ்ச நேரம் நன்றாக அடிக்கச் சொன்னேன்.