நிலா சம்மதிக்காத திருத்தம்

போன வாரம் தொலைக்காட்சியில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சி செய்கிறவளாம். வெகு தொலைவில் சுற்றும் நட்சத்திரங்கள் கணக்குக்கு மீறிய வேகத்தில் ஓடுகின்றன, அதனால் ஈர்ப்பு விதியையே கொஞ்சம் திருத்திப் பார்க்கிறோம் என்றாள். என் கையிலிருந்த காப்பி ஆறிப்போனது. ஈர்ப்பு விதியை எங்கள் வீட்டிலும் ஒருமுறை திருத்தியிருக்கிறோம். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்.

நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. என் கணவர் கல்லூரியில் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டர், விரிவுரையாளருக்கும் கீழே. நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வடசேரியில் நாங்கள் குடியேறிய ஓட்டு வீட்டின் உத்தரத்தில் தொட்டில் கட்ட ஒரு கொக்கி இருந்தது. தொட்டில் வர நாளானது. அதற்குள் அவர் அதில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தொங்கவிட்டார். அடியில் துளை, உள்ளே கடியப்பட்டணம் கடற்கரையில் அள்ளிய கருமணல். சுழற்றிவிட்டால் மணல் ஒழுகித் தரையில் நீள்வட்டம் வரையும். ஆனால் ஒரு சுற்றுப் போட்ட தடத்தில் அடுத்த சுற்று விழாது. கொஞ்சம் திரும்பித் தள்ளி விழும்.

"புதனும் இப்பிடித்தான் சூரியனச் சுத்துகு, கேட்டியா" என்பார். பெருக்குவது நான். அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னட்டி, ஒனக்க மாப்பிள கருமண்ணுல கோலம் போடியாரா?" என்று கேட்டது தெரு முழுக்கப் பரவிவிட்டது.

புதனின் பாதை அப்படித் திரும்புவதில் ஒரு துளி மட்டும் பழைய விதிக்குள் அடங்காது. மேல்நாட்டில் அதற்கென்று புதிய கொள்கையே வந்திருந்தது. இவருக்கு மனசு ஒப்பவில்லை. தூரம் இரண்டு மடங்கானால் ஈர்ப்பு நாலில் ஒன்றாகக் குறையும் என்பது விதி. அதைவிட மயிரிழை கூடுதலாகக் குறைகிறது என்று வைத்தால் போதும், புதன் சரியாக வந்துவிடும் என்றார். வந்துவிட்டது. கணக்கு முழுவதும் நின்றால் ஆராய்ச்சிக்கு இடம் தருவதாக மெட்ராஸ் பேராசிரியர் ஒருவர் எழுதினார். அந்த மனிதருக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மற்ற கோள்களுக்கும் நிலாவுக்கும் அதே திருத்தத்தைப் போட்டுப் பார்க்கும் வேலை எனக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாகரிதம் அட்டவணையோடு அடுக்களையில் உட்கார்ந்து நிலாவுக்குப் போட்டேன். ரசம் பொங்கி அடுப்பில் வழிந்த வாசனையில்தான் நிமிர்ந்தேன். என் கணக்கு தப்பாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் போட்டேன். அப்படி வேண்டிக்கொண்ட கணக்கு டீச்சர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"இஞ்சேருங்க, நிலா ஒத்துவரல்ல."

"என்னது?"

"திருத்தம் எதுக்கானாலும் சுத்துக்குச் சுத்து ஒரே அளவாக்கும் திருப்புகு. புதன் வருசத்துக்கு நாலு சுத்து. நிலா பதிமூணு. அப்பம் அந்தக் கூடுதல் துளி நிலாவுக்குப் புதனவிட மூணு மடங்கு வரணும். அளந்து பாத்தவன் எவனும் அப்பிடிச் சொல்லல்லியே."

தாளை வாங்கி, ஒவ்வொரு வரியாகத் தாமும் போட்டுப் பார்த்தார். "புதனுக்கு ஒரு விதி, நிலாவுக்கு ஒரு விதின்னு வைக்க ஒக்குமா? சவம், போட்டு, விடு" என்றார். பிறகு வாரியலை எடுத்து, அன்று முதல் தடவையாக, மணலைத் தாமே பெருக்கினார். நான் அடுக்களைக்குள் போய் அழுதேன்.

கணக்கு நிற்கவில்லை என்று பேராசிரியருக்கு அவரே எழுதிப் போட்டார். இடம் போயிற்று. டெமான்ஸ்ட்ரேட்டராகவே ஓய்வு பெற்றார். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் மனை வாங்கலாம் என்றாலும், மகனுக்குப் பெண் பார்க்கலாம் என்றாலும் முதலில் வரும் கேள்வி, "நிலாட்ட கேட்டியா?"

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. உத்தரமும் கொக்கியும் எந்த அடுப்பில் எரிந்தனவோ, எங்கே உருகினவோ.

தொலைக்காட்சிப் பெண் சொல்லிக்கொண்டே போனாள். அவர்களுடைய திருத்தம், ஈர்ப்பு மிகவும் மெலிந்துபோன தூரத்தில்தான் தலைகாட்டுமாம். புதனையும் நிலாவையும் தொடாதாம். நான் எழுந்தேவிட்டேன். உள்ளறைப் பக்கம் திரும்பி, "இஞ்சேருங்க, நிலா சம்மதிச்சிட்டு" என்று உரக்கச் சொன்னேன்.

சொன்ன பிறகுதான், அந்த அறையில் ஆள் இல்லாமல் எத்தனையோ வருடமாயிற்று என்பது உறைத்தது.