பாதியில் எழுந்து போனவர்கள்

கன்னியப்பன் அண்ணனை இந்த ஊர் கொன்றது. பாதியில் எழுந்து போய்க் கொன்றது.

செய்தி வந்தபோது நான் அவருடைய ஸ்டூடியோவில் ஒரு நிச்சயதார்த்த வீடியோவுக்குப் பாட்டு சேர்த்துக்கொண்டிருந்தேன். மேடை அலங்காரம் செய்பவர் போன் செய்தார். "யம்மா, உங்க அண்ணன் லாட்ஜு தொட்டில வுழுந்துட்டாரு. சீக்கிரம் வாம்மா" என்றார். தண்ணீர்த் தொட்டி என்றுதான் நினைத்தேன். தாமல் ஏரியில் நீந்தி வளர்ந்த மனிதர், ஒன்றும் ஆகியிருக்காது என்று, செய்த வேலையை சேவ் பண்ணிவிட்டு எழுந்தேன். பாதி வழியில்தான் அது வேறு தொட்டியாக இருக்கலாம் என்று தோன்றியது. மறுநாள் பத்திரிகையில் இப்படி வந்தது: கழிவுநீர்த் தொட்டியில் தவறி விழுந்து வீடியோகிராபர் பலி. தவறி விழுந்து. அந்த இரண்டு சொற்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவரைக் கல்யாண வீடுகளில் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். தாலி கட்டும் நேரத்தில் எல்லோரையும் நகரச் சொல்லி அதட்டுவாரே, அவர்தான். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவரைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு புடவைக் கடையின் மாடி கோடவுனில் ஆவணப்படங்கள் போடுவார். ஜன்னல்களைப் புடவை அட்டைப்பெட்டிகளால் அடைத்துவிடுவோம். கடையில் புடவை விரித்துக் காட்டும் வெள்ளை விரிப்புதான் திரை. மின்விசிறி ஒன்றே ஒன்று. வேர்த்து ஊற்றும். அதில் உட்கார்ந்து கப்பல் உடைக்கும் தளத்தில் கால் போனவர்களையும், கல்நார் ஆலையில் வேலை செய்து இருமியே செத்தவர்களையும் பார்ப்போம்.

"ஞாயித்துக்கிழமை நிம்மதியா இருக்க விடமாட்டியாபா?" என்று கீழே கடைக்காரர் ஒவ்வொரு முறையும் கேட்பார். "நிம்மதி வேணும்னா உன் கடையிலயே உக்காரு, மேல அது ஸ்டாக் இல்ல" என்பார் அண்ணன். இடத்தைக் கொடுத்தவரிடமே இப்படித்தான் பேசுவார். கடைக்காரரும் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுப்பார். ஒருமுறைகூட மேலே ஏறி வந்ததில்லை.

அந்த மாடியில் ஒரே ஒரு விதி இருந்தது. படத்தின் நடுவில் யார் வேண்டுமானாலும் எழுந்து போகலாம். ஆனால் வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி காரணம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தக் காரணத்தைக் கேட்பது என் வேலை. படத்தை எடிட் செய்கிறவள் எதற்கு வாசலில் உட்கார வேண்டும் என்று முதலில் எனக்கு எரிச்சல்தான். "எடிட்டருக்குத்தாம்மா தெரியணும், ஜனங்க எங்க எழுந்துக்கிறாங்கன்னு" என்றார்.

ஒரு பேராசிரியர், "எனக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போகப் பார்த்தார். அண்ணன் இருட்டிலிருந்தே குரல் கொடுத்தார். "தெரிஞ்சவரு கூட உக்காந்தா தெரியாதவனுக்குத் தெம்பா இருக்கும் சார்." அவர் போய்விட்டார். முதியோர் இல்லத்தைப் பற்றிய படத்தின்போது ஒரு பெண் எழுந்து வந்தாள். "எங்கப்பா ஞாபகம் வந்துடுச்சு" என்று என் காதருகே சொன்னாள். சத்தமாகச் சொல்லும்படி கேட்க எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் புரொஜெக்டரை அப்படியே விட்டுவிட்டு, அவளோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்து போய் வந்தார். இன்னொரு நாள் ஒரு தறிக்காரர், "பயமா இருக்குதுபா" என்றார். நாங்கள் கேட்ட காரணங்களிலேயே யோக்கியமானது அதுதான் என்று அண்ணன் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அழ வைக்கிறதுக்கு இது சோகப் படம் இல்ல, தகவல்" என்பது அவர் ஓயாமல் சொல்லும் வாசகம். "துக்கத்துக்குப் பின்னாடிதான் தகவல் இருக்குது. துக்கத்தைப் பார்த்துட்டு எழுந்து போறவன் தகவலை விட்டுட்டுப் போறான்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. இப்போது சலிக்கவில்லை.

அவர் தாமாக எடுத்த படம் ஒன்றே ஒன்று. வைகாசித் திருவிழாவுக்குக் கூட்டம் வருவதற்கு முன்னால் லாட்ஜ்காரர்கள் தொட்டிகளைக் காலி செய்வார்கள். மனிதன் இறங்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. மனிதன்தான் இறங்குகிறான். இறங்குகிறவன் எப்போதும் ஒரே காலனியிலிருந்துதான் வருகிறான். அப்படி ஒரு வருடம் இறங்கிச் செத்தவரின் மனைவி மல்லிகா. படம் அவளைப் பற்றியது. உள்ளே மயங்கிக் கிடந்த ஒருவனைத் தூக்கிவிட அவள் கணவன் இறங்கியிருக்கிறான். தூக்கியும் விட்டான். மேலே வந்தவனைச் சுற்றி எல்லோரும் கூடி விசிறிக்கொண்டிருந்தபோது, உள்ளே நின்றவன் விழுந்துவிட்டான். யாரும் குழியைப் பார்க்கவில்லை.

படத்தின் முதல் பாதி முழுக்க மல்லிகா பேசுகிறாள். கணவனின் சட்டையைத் துவைத்தும் அந்த வாடை போகாததைச் சொல்கிறாள். பிணத்தைக் குளிப்பாட்ட ஆள் வராததைச் சொல்கிறாள். என்ன செய்ய வேண்டும் என்பது இரண்டாம் பாதியில்தான் வருகிறது. எல்லா மூடிகளையும் திற. தீயணைப்புக்குச் சொல். காற்றை உள்ளே செலுத்து. காப்பாற்றக்கூட யாரும் இறங்காதே. ஒருவன் மேலே வந்துவிட்டால் அவனை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும், மற்றவர்கள் குழியைப் பாருங்கள்.

இந்த வரிசைக்காக நான் அவரோடு சண்டை போட்டேன். "தகவலை முன்னாடி வைங்கண்ணா. மல்லிகா அக்கா பேசுறதைத் தாங்காம ஜனங்க எழுந்து போயிடுவாங்க" என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "ஆள் யாருன்னு தெரியாம விதியைச் சொன்னா எவன் கேப்பான்? மொதல்ல அவளைப் பார்க்கட்டும்." வாசலில் உட்கார்ந்து நான் கொண்டுவந்த கணக்கை அவர் தம் படத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. செத்துவிட்டார் என்பதற்காக அதை மறைத்து எழுத மாட்டேன்.

படத்தில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் போட்டுக் காட்ட வேண்டும் என்பது அவர் வழக்கம். மல்லிகா தனியாக உட்கார்ந்து கடைசி வரை பார்த்தாள். அழவில்லை. "நான் ரொம்பப் பேசிக்கினே இருக்குறேன், கொஞ்சம் கொறைச்சிடுபா. அவரு பேரை மட்டும் இன்னொரு வாட்டி வர்ற மாதிரி செய்" என்றாள். அண்ணன் பெயரைச் சேர்த்தார். எதையும் குறைக்கவில்லை.

ஊருக்குப் போட்டபோது லாட்ஜ் முதலாளிகளை, மேனேஜர்களை எல்லாம் நேரில் போய் அழைத்தார். ஒருவர்தான் வந்தார். ஒரு பெரிய லாட்ஜின் மேனேஜர் சம்பத். மல்லிகா சட்டையைப் பற்றிப் பேசும் இடத்தில் கூட்டம் கலைய ஆரம்பித்தது. தலைவலி, விருந்தாளி, பிள்ளைக்கு டியூஷன் என்று ஆளுக்கொரு காரணம். சம்பத் என் முன்னால் நின்று, "சாப்பாட்டு நேரம்மா" என்றார்.

"சாப்பிட்டு வந்து மீதியைப் பாருங்க சார், நான் நிறுத்தி வைக்கிறேன்" என்று உள்ளே இருந்து அண்ணன் சொன்னார்.

"நீ போட்டுக்கினே இருபா. நமக்கு முடிவு தெரியும்" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

அந்த லாட்ஜின் தொட்டியில்தான் அண்ணன் செத்தார்.

மாப்பிள்ளை வீட்டார் அங்கே தங்கியிருந்தார்கள். அவர்கள் கிளம்புவதைப் படமெடுக்கக் காலையில் போயிருக்கிறார். பின்பக்கம் தொட்டிக்குள் ஏழுமலை என்பவர் இறங்கியிருந்தார். சத்தம் கேட்டு அண்ணன் கேமராவோடு ஓடினார். கேமராவைத் தரையில் வைத்தார். அணைக்கவில்லை. அதிலிருந்த கார்டை எடுத்துக் கணினியில் ஏற்றுவது என் வேலை என்பதால் நான் அதை முழுக்கப் பார்த்தேன். படத்தில் தெரிவது கால்கள் மட்டும். பட்டு வேட்டிக் கால்கள், பணியாளர்களின் ரப்பர் செருப்புகள், மெருகேற்றிய பழுப்பு ஷூ ஒரு ஜோடி. குரல்கள் நன்றாகக் கேட்கின்றன.

"எவனும் எறங்காத! மூடியெல்லாம் தொற! சம்பத் சார், ஃபேன் கொண்டாங்க, ஒயர் இழுங்க!" இது அண்ணன். தீயணைப்புக்குப் போன் போட்டு வழி சொல்கிறார். படத்தில் உள்ளதை வரிசை மாறாமல் செய்கிறார். ஃபேன் வரவில்லை. "கல்யாணப் பார்ட்டி நிக்குது, கத்தாதபா" என்கிறது பழுப்பு ஷூவின் குரல். பிறகு அண்ணனின் குரல் தாழ்ந்துவிடுகிறது. "கை ஆடுது. இன்னும் ஆடுது." கயிறு கேட்கிறார். "அவனைக் கட்டிட்டு ஆட்டுவேன், இழுங்க. அப்புறம் எனக்குப் போடுங்க. என்னைப் பாருங்க, புரியுதா? என்னைப் பாருங்க."

விதியை எழுதியவரே விதியை மீறினார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆடிக்கொண்டிருந்த அந்தக் கையை நான் பார்க்கவில்லை, அவர் பார்த்தார் என்பது மட்டும் தெரியும்.

ஏழுமலை மேலே வருகிறார். எல்லாக் கால்களும் ஒரே பக்கமாகத் திரும்புகின்றன. தண்ணி கொண்டா, சோடா கொண்டா என்று குரல்கள். குழியின் பக்கம் பார்த்து ஒரு கால்கூட இல்லை. அப்படியே நீள்கிறது. நான் ஓட்டிவிடாமல் பார்த்தேன். பிறகு ஒருவர் கேட்கிறார், "ஆமா, வீடியோக்காரரு எங்க?"

அண்ணனின் ஊரான தாமலில், துக்க வீட்டில் அவருடைய பெரியப்பா, அழுதுகொண்டிருந்த சொந்தக்காரர்களிடம் அடிக்குரலில் சொன்னார். "எறங்கனான்னு எவனும் வெளிய சொல்லாதீங்க. நம்ம ஆளுங்க எறங்குற எடமா அது? வுழுந்துட்டான், அவ்ளோதான்." லாட்ஜுக்குப் போலீஸிடமிருந்து தப்பிக்க அவர் விழுந்திருக்க வேண்டும். குடும்பத்துக்குச் சாதியிடமிருந்து தப்பிக்க அவர் விழுந்திருக்க வேண்டும். இருவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பேசி வைத்துக்கொள்ளத் தேவையே இருக்கவில்லை. ஏழுமலையிடமும் யாரோ போய், இதையே சொன்னால் திருவிழாவுக்கு வேலை உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். வேலை என்றால் அதே வேலை.

போன ஞாயிறு அதே மாடியில் நினைவுக் கூட்டம் வைத்தோம். மாலை போட்ட படம், உரை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் எடுத்த அந்த ஒரே படத்தைப் போட்டேன், அவர் வைத்த வரிசையிலேயே. அதன் முடிவில் அந்தக் கால்களையும் வெட்டாமல் சேர்த்திருந்தேன். புடவைக் கடைக்காரர் முதல்முறையாக மேலே வந்து சுவரோரம் நின்றார். மல்லிகா முன்வரிசையில் இருந்தாள். அண்ணனின் பெரியப்பா வரவில்லை. சம்பத் வந்திருந்தார். ஊரார் பார்க்க வந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் படம் முடியும்வரை யாரும் எழுந்து போகவில்லை. மல்லிகாவின் பேச்சு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். தகவல் வந்தது. அதையும் பார்த்தார்கள். இவ்வளவு நாள் தாமதமாகப் பார்த்தார்கள். பிறகு திரையில் கால்கள் வந்தன. பழுப்பு ஷூ வந்தது. எங்கோ ஒருவர், "வுழுந்துட்டாருன்னு இல்ல சொன்னாங்க?" என்று முணுமுணுத்தார்.

கடைசி வரிசையிலிருந்து ஏழுமலை எழுந்தார். குரல் இன்னும் சரியாகவில்லை, காற்றாக வந்தது. "வுழல. எறங்கனாரு. எனக்காவ எறங்கனாரு." உட்கார்ந்துகொண்டார். அவருக்கு இந்தத் திருவிழாவுக்கு வேலை இல்லை என்பது அப்போதே முடிவாகிவிட்டது. நிறையப் பேர் திரும்பி அவரையே பார்த்தார்கள். மல்லிகா திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று சிலர் கேட்டார்கள். கேமரா அவர் குடும்பத்துக்குப் போய்விட்டது. நான் வைத்துக்கொண்டது வாசல் நாற்காலியையும் அதன் விதியையும்தான்.

கால்கள் ஒரே பக்கமாகத் திரும்பும் இடத்தில் சம்பத் எழுந்தார். இருட்டில் ஆட்களை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். நான் நாற்காலியிலிருந்து எழவில்லை, காலை வாசலுக்குக் குறுக்கே நீட்டினேன். அவர் லாட்ஜின் முகப்புக்கு இப்போது வெள்ளையடிக்கிறார்கள். திருவிழா வருகிறது. தொட்டிகள் நிரம்பியிருக்கின்றன.

"காரணம் சொல்லிட்டுப் போங்க சார்" என்றேன். "எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

அவர் என் காலைத் தாண்டி இறங்கிப் போனார்.