வாப்பாவுக்குக் கொடுத்த கடைசித் தண்ணீர்

எங்கள் வாப்பா வல்ல நாயனின் அழைப்பை ஏற்று ஓராண்டு நிறைகிறது. ஆண்டுக் கத்தம் ஓத வந்திருக்கும் நீங்கள் பலரும் அவர்களின் கடைசி நாட்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வாப்பா நற்பிட்டிமுனையில் பிறந்தார்கள். பிறப்புப் பதிவுக்கும் வீட்டார் சொல்லுக்கும் இடையில் ஒரு பெரும்போக நெல் விளைச்சற்காலம் வித்தியாசம் உண்டு. எது சரியென்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். சிறுவயதில் தந்தையை இழந்து, கூலிக்குக் கதிர் அறுத்து வளர்ந்தவர்கள். பின்னர் வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் பங்கிடும் வட்டை விதானையாக நெடுங்காலம் இருந்தார்கள். தண்ணீர் குறைந்த ஒரு சிறுபோகத்தில் தமது வயலைக் கடைசி முறையில் வைத்தார்கள். அந்த முறை வருமுன் வாய்க்கால் வற்றிவிட்டது. உம்மா ஒரு வாரம் பேசவில்லையாம். வாப்பா அதைச் சிரித்தபடியே சொல்வார்கள்.

சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தபின், இனி வீட்டில் வைத்துப் பார்க்கும்படி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். திங்கட்கிழமை, கையில் சேலைன் ஊசியோடு வாப்பாவைக் கொண்டுவந்தோம். உயிர் பிரியும் சக்கராத் வேளையில் தாகம் மிகும், அப்போது ஷைத்தான் தண்ணீர்க் கோப்பையைக் காட்டி, விலையாக ஈமானை, இறைநம்பிக்கையையே, கேட்பான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆகவே பார்க்க வந்தவர்கள் மக்காவிலிருந்து வந்த சம்சம் தண்ணீரை ஆளுக்கொரு கரண்டி கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் நேரத்தோடு கொப்பியில் குறித்தேன். கூட்டிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் வாப்பாவுக்குப் புரையேறியது. நெஞ்சு கொறகொறத்தது. கால்கள் ஏற்கனவே வீங்கியிருந்தன. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் என் கொப்பியைப் புரட்டினார்.

"எழுதின நீங்களே இதப் படிக்கல்லையா? உடம்பு தண்ணி கேக்கல்ல. குடுக்கிறதெல்லாம் நெஞ்சிலயும் கால்லயும்தான் நிக்குது. சேலைனக் கழட்டுவம். வாய மட்டும் ஈரமா வெச்சிருங்க."

என் சகோதரிகளில் மூத்த ராத்தா கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"ஊருக்கெல்லாம் தண்ணி குடுத்த மனிசன், தம்பி. தாகத்தோட அனுப்பப் போறியா? வாப்பாட ஈமானுக்கு நீ பொறுப்பா?"

டாக்டர் பஞ்சைச் சம்சம் தண்ணீரில் நனைத்து ராத்தாவிடம் நீட்டினார்.

"நீங்களே வெச்சுப் பாருங்க. வேணுமெண்டா உறிஞ்சுவாங்க."

ராத்தா வைத்தார். வாப்பா இரண்டு முறை உறிஞ்சினார்கள். மூன்றாம் முறை உதட்டை மூடிக்கொண்டார்கள்.

"போதுமாம்," என்றார் ராத்தா. பஞ்சைக் கோப்பையில் வைத்துவிட்டு, "சரி, கழட்டுங்க."

வியாழக்கிழமை கொறகொறப்புத் தணிந்தது. அதன்பின் கரண்டியோடு வந்தவர்களை ராத்தாவே வாசலில் மறித்தார்.

"தண்ணி வாணாம், மச்சி. உள்ள வந்து யாஸீன் ஓதுங்க."

வெள்ளிக்கிழமை அதிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பின், ராத்தா கலிமா சொல்லச் சொல்ல, வாப்பாவின் உதடுகள் அசைந்தன. மூச்சு அமைதியாக அடங்கியது.

அந்த டாக்டருக்கும், கபுறுக் குழி வெட்டியவர்களுக்கும், உடல் வைத்த சந்தூக்கைச் சுமந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. வாப்பாவுக்கென்று இளநீர்க் குலையோடு வந்து, தண்ணீர் நிறுத்தியதை அறிந்ததும் யாஸீன் ஓதியவர்களுக்கு அதை வெட்டிக் கொடுத்த வீரமுனை நண்பருக்கும் நன்றி. வாசலில் மனம் நொந்தவர்கள் எங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்காக என் கொப்பியின் கடைசி வரியை அப்படியே தருகிறேன்:

"வெள்ளி, சுபஹுக்குப் பின். பஞ்சு ஒருமுறை, ராத்தா கையால். உதடு ஈரம்."