ஐயாயிரத்து நாற்பதில் சேராத மணி

இங்கிலாந்தின் டெவனில் எங்கள் ஊர்த் தேவாலய மணிக்கூண்டின் எட்டாவது மணியை, அதாவது இருப்பதிலேயே பெரியதை, வில்ஃபிரட் டாப்ஸ்காட் வெகுகாலமாக அடித்துவந்தார். தொழில் குழாய் வேலை. பொறாமை பகுதிநேரம்தான். பல் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற லயனல் கார்சைட் இங்கே குடிவந்ததும் அதுவே முழுநேரமாயிற்று.

ஏழு மணிகளை, அடித்த வரிசையில் மறுபடி அடிக்காமல், இடம் மாற்றி மாற்றி அடித்தால் வருபவை மொத்தம் 5040 வரிசைகள். ஒன்றிலிருந்து ஏழுவரை பெருக்கினால் இந்த எண். ஏழிலிருந்து பத்துவரை பெருக்கினாலும் இதுவே. ஒன்று முதல் பன்னிரண்டுவரை எல்லாவற்றாலும் மீதமின்றி வகுபடும், பதினொன்றைத் தவிர. எட்டாவது மணியோ இந்த ஆட்டத்தில் சேர்த்தியில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் கடைசியில் ஒரே இடத்தில் ஒலிக்கும்.

"நான்தான்யா அந்தப் பதினொண்ணு" என்பார் வில்ஃபிரட். கணக்குப்படி எட்டு 5040-ஐ அழகாகவே வகுக்கும். சொன்னால் கேட்கமாட்டார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே. 5040-ஐயும் பிழையின்றி முடித்தால் மணி அறைச் சுவரில் ஒரு பலகை மாட்டுவார்கள். அதில் தம் பெயருக்குப் பக்கத்தில் 'நடத்தியவர்' என்றிருக்க வேண்டும். வரிசை முழுவதையும் மனத்தில் வைத்து மூன்று மணி நேரம் குரல் கொடுப்பவருக்கே அந்தச் சொல். வில்ஃபிரட் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். பொறுப்பு கார்சைட்டுக்குப் போனது.

"நல்ல மனுஷன், வில்ஃப். என் கேக்குல ரெண்டாவது துண்டு கேட்டு வாங்கினாரு" என்றாள் மனைவி ஈனிட்.

"ஊரையெல்லாம் இனிப்பு தொடாதேன்னு மிரட்டினவன்தானே? இப்ப நம்ம வீட்டுல வந்து மேயுறான்."

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை தொடங்கினோம். நான் இரண்டாவது கயிற்றில். பாதி தாண்டியதும், மூன்றாவதை அடித்த டோரீனும் ஐந்தாவதை அடித்த கிளைவும் தடுமாறி ஒருவர் பாதையில் மற்றவர் ஏறிவிட்டார்கள். கார்சைட் கவனிக்கவில்லை. அப்படியே போனால் எல்லாம் பாழ்; கார்சைட்டின் மானமும் போகும், பலகையும் கிடையாது. வில்ஃபிரட்டின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதுவரை கண்டதில்லை.

கார்சைட்டின் நெற்றி லேசாகச் சுருங்கியது.

"டோரீன்! கிளைவ்! இடத்த மாத்துங்க!" என்று கத்தினார் வில்ஃபிரட்.

மாற்றிக்கொண்டார்கள். 5040-உம் சுத்தமாக முடிந்தது.

மதுக்கடையில் கார்சைட் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லேன்னா இன்னிக்கு என் மானம் கப்பலேறியிருக்கும்."

"அதுக்கென்ன" என்று கையை உருவிக்கொண்டார் வில்ஃபிரட்.

கார்சைட் நகர்ந்ததும் கேட்டேன்: "கம்முனு இருந்திருந்தா ஆளு மண்ணைக் கவ்வியிருப்பாரே?"

"அவன் நெத்தியைப் பாக்கலியா நீ? இன்னும் ரெண்டு வரிசை போயிருந்தா அவனே கண்டுபிடிச்சிருப்பான். அந்தப் பேரும் அவனுக்கே போயிருக்கும்!"

பலகை எட்டாவது கயிற்றுக்கு நேர் எதிரே தொங்குகிறது. ஆணியடித்தது வில்ஃபிரட்தான். கார்சைட் அடித்தால் கோணலாகும் என்று சுத்தியலை வாங்கிக்கொண்டார்.